கிட்டார் சத்தச் சண்டைக்கு ஒரு கதிரை போதும்

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டு ஹோல், ஞாயிறு பின்னேர ஒத்திகை. பாடுபவர், "தம்பி, கிட்டாரைக் கொஞ்சம் குறையும்" என்றதும் தம்பியின் முகம் சுருங்கிவிடும். அடுத்த பாட்டில் கீபோர்ட்காரரும் சத்தத்தைக் கூட்டுவார். நல்ல குழுக்கள் இப்படிப் பிரிவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

பிழை முழுக்கத் தம்பியில் இல்லை. ஆம்ப், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஸ்பீக்கர் பெட்டி, நிலத்தில் இருந்தால் ஸ்பீக்கர் அவருடைய முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கூர்மையான சத்தம் நேராகப் போகிற சாமான். எதிரே தள்ளி இருப்பவருக்குக் காது கிழியும், பக்கத்தில் நின்று வாசிப்பவருக்கோ மந்தமாகத்தான் கேட்கும். அதனால்தான் கூட்டுகிறார். ஆம்பைக் கதிரையில் தூக்கி வைத்து, அவர் காதைப் பார்க்கிற மாதிரிச் சரித்துவிடுங்கள். பெரும்பாலும் அவரே குறைத்துவிடுவார்.

பிறகும் சரிவராவிட்டால், பின்சுவரோரம் ஒரு போனை வைத்து ஒரு பாட்டை முழுதாகப் பதிவுசெய்து, தேத்தண்ணி நேரத்தில் எல்லோருமாகக் கேளுங்கள். ஆளைச் சுட்டிக் கதைக்கத் தேவை வராது. ஆனால் ஒருவருக்குச் சுருதி பிசகினால் அதைச் சபையில் சொல்லாதீர்கள், பாவம். போகும்போது லிப்டடியில் தனியாகச் சொல்லுங்கள்.