காவடிக்குப் பிறகு வாழை இலையைக் கேட்டு வாங்குங்கள்

மொரீஷியஸில் பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் மன்றத்தில் இருக்கும் தம்பி தங்கைகளே, புது வருஷ வேலையைப் போஸ்டரில் தொடங்காதீர்கள். தைப்பூசக் காவடி முடிந்ததும் பக்கத்துக் கோவிலுக்குப் போய் ஏழு வகைச் சைவக் கறியோடு விருந்து சாப்பிட்ட எச்சில் வாழை இலையை, மட்கு உரம் செய்யக் கேளுங்கள். விட்டால் அது நாட்டின் ஒரே குப்பை மேடான மார் சிக்கோஸுக்குத்தான் போகும்.

பிளாஸ்டிக் பைக்கு 2016-லேயே தடை வந்துவிட்டது. இருந்தாலும் வாங்கி வந்த இலைக் குவியலில் கை விட்டுப் பாருங்கள்: பாட்டில் மூடி, மாலை கட்டிய நைலான் நூல். முதலில் அதையெல்லாம் பொறுக்கிவிடுங்கள், நூல் மட்கவே மட்காது.

பிறகு இலையைக் கையகலத்துக்குக் கிழித்து, ஒரு கூடைக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த கரும்புச் சோகை கலந்து, இடுப்பளவு குவியுங்கள். சோறும் எண்ணெயும் பட்ட இலை நடுவில் இருக்கட்டும். மேலே சோகை மூடினால் எலி அவ்வளவாக வராது. பிழிந்த துணி மாதிரி ஈரம் போதும். வாரம் ஒருமுறை புரட்டுங்கள். நடுவில் கை வைத்தால் சுட வேண்டும். சுடவில்லையென்றால் பச்சை இலை இன்னும் கொஞ்சம் சேருங்கள். நாற்றமடித்தால் சோகை.

கோவில் நிர்வாகத்திடம் ஒரு வாரம் முன்பே பேசிவிடுங்கள். விழா நாளில் யாருக்கும் காது கேட்காது.