ஆர்.வி.க்கு வீட்டில் பிளக் பாயிண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஆர்.வி. (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்கள் பலர் அதற்கென்று வீட்டில் தனி பிளக் பாயிண்ட் போடுகிறார்கள். இதில் மிக மோசமான தவறை அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்களே செய்துவிடுகிறார்கள்.

30 ஆம்ப் ஆர்.வி.க்கான டிடி-30 அவுட்லெட்டில் மூன்று துளைகள். துணி உலர்த்தும் டிரையரின் பழைய 30 ஆம்ப் அவுட்லெட்டிலும் மூன்றுதான். டிரையருக்கு 240 வோல்ட் கொடுத்துப் பழகிய கை, இதற்கும் டபுள் போல் பிரேக்கர் (இரண்டு ஃபேஸுக்குமான பிரேக்கர்) போட்டு இரண்டு ஃபேஸ் வயரை இழுத்துவிடும். டிடி-30க்கு வேண்டியதோ 120 வோல்ட்தான். 240 பாய்ந்தால் கன்வெர்ட்டர் (வண்டியின் பேட்டரிக்கும் விளக்குக்கும் கரண்டை மாற்றித் தரும் கருவி), மைக்ரோவேவ், ஏசி எல்லாம் பழுதாகிவிடும். பிரேக்கர் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். அது கவனிப்பது ஆம்பியரை, வோல்ட்டேஜை அல்ல.

30 ஆம்ப் சிங்கிள் போல் பிரேக்கர் (ஒரே ஃபேஸுக்கானது), 10 கேஜ் (வயரின் தடிமன் அளவு) செப்பு வயர், இதுதான் சரி. தூரம் அதிகமானால் இன்னும் தடிமனான வயர் வேண்டும். கறுப்பு வயர் பித்தளை நிற ஸ்க்ரூவுக்கு, வெள்ளை வெள்ளி நிற ஸ்க்ரூவுக்கு, எர்த் பச்சைக்கு. நம்மூர் வயரிங் தெரிந்தவர்கள் இங்கே ரொம்பவே கவனமாக இருக்க வேண்டும்: நம்மூரில் கறுப்பு நியூட்ரல், அமெரிக்காவில் கறுப்பில்தான் கரண்ட் வரும்.

50 ஆம்ப் வண்டிக்கு நான்கு துளை 14-50 அவுட்லெட். அதற்கு டபுள் போல் பிரேக்கரும் 6 கேஜ் செப்பு வயரும் சரிதான். ஆனால் நியூட்ரல் லூஸாக இருந்தால் ஒரு ஃபேஸில் வோல்ட்டேஜ் ஏறி, மற்றொன்றில் இறங்கும்.

அப்புறம் எர்த். அவுட்லெட் பக்கத்தில் ஒரு கம்பியை மண்ணில் அடித்துவிட்டு, பேனலுக்கு (வீட்டின் பிரேக்கர் பெட்டிக்கு) எர்த் வயர் இழுக்காமல் விடுவது ஆபத்து. மண் வழியாகப் போகும் கரண்ட் பிரேக்கரை டிரிப் ஆக்கப் போதாது. கசிவு வந்தால் வண்டியின் உடம்பு முழுக்க ஷாக் அடிக்கும். ஈரத் தரையில் நின்று கதவைத் தொடும் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

எலக்ட்ரீஷியன் கிளம்பும் முன் மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். டிடி-30இல் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 120, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 120, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட 0 காட்ட வேண்டும். எங்காவது 240 காட்டினால் வண்டியைச் செருகாதீர்கள். பிரேக்கரை அணைத்துவிட்டு வயரிங்கை மாற்றச் சொல்லுங்கள்.