கோலாலம்பூர்த் தெரஸ் வீட்டில் சமையலறையைப் பின்னோக்கி நீட்டிக் கட்டுவது எப்படி

பக்கச் சுவரைப் பகிர்ந்து வரிசையாக நிற்கும் தெரஸ் வீட்டில் சமையலறையைப் பெரிதாக்க நினைக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை முதலில் போய் நிற்கும் இடம் கேபினட் கடைதான். அங்கே கதவின் நிறத்தையும் மேசைப் பலகையின் கல்லையும் தேர்ந்தெடுத்து முன்பணமும் கட்டிய பிறகே கட்டுமானக் குத்தகையாளரைத் தேடுகிறார்கள். எஞ்சியிருக்கும் பணத்துக்குள் அவர் அடித்தளத்தையும் கூரையையும் முடித்தாக வேண்டியிருக்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுவதே திட்டமிடலின் முதல் வேலை. கேபினட்டைப் பத்து ஆண்டுகள் கழித்தும் கழற்றி மாற்றலாம். தரைக்கடியில் இருக்கும் மண்ணையும் கழிவுநீர்க் குழாயையும் சுவருக்குள் ஓடும் மின்கம்பியையும் அப்படி மாற்ற முடியாது. ஆகவே கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கான செலவை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியில் கேபினட்டைச் செய்யுங்கள்.

அனுமதியிலிருந்து தொடங்குவோம். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவு, ஊராட்சி மன்றத்தின் முன் அனுமதியின்றிக் கட்டுவதைத் தடை செய்கிறது. கோலாலம்பூரில் அந்த அனுமதியைத் தருவது மாநகர் மன்றமான டிபிகேஎல். தாமானில், அதாவது உங்கள் குடியிருப்புப் பகுதியில், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கேட்காமல்தான் கட்டினார்கள் என்பது உங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது; வீட்டை விற்கும்போதோ வங்கி மதிப்பீட்டாளர் வரும்போதோ அங்கீகாரம் இல்லாத பகுதி கேள்விக்குள்ளாகும். பதிவுபெற்ற கட்டடக் கலைஞரையோ வரைவாளரையோ கொண்டு வரைபடம் தயாரியுங்கள். அதில் நிலத்தின் எல்லைக்கோடு, பின்சந்துக்கு ஒதுக்கிய நிலம், கழிவுநீர்க் குழாய் செல்லும் பாதை, ஆள்நுழைகுழி ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். ஆள்நுழைகுழியின் மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிட்டால், அடைப்பு ஏற்படும் நாளில் புதுத் தரையை உடைக்க நேரும். அடுக்குமாடி வீடாக இருந்தால் நிர்வாக அலுவலகத்தின் ஒப்புதலும் தேவை; அங்கே தண்ணீர் புழங்கும் பகுதியைக் கீழ்வீட்டுப் படுக்கையறைக்கு மேலே நகர்த்தும் எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது மண். நீட்டிக் கட்டும் வேலைகளில் அதிகமாகக் கெடுவதும் பிறகு சரிசெய்யக் கடினமானதும் இதுதான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் பழைய வீடு பொறியாளர் கணக்கிட்ட அடித்தளத்தின்மீது நிற்கிறது. பின்புற முற்றமோ பெரும்பாலும் வீடமைப்பு மேம்பாட்டாளர் கொட்டி நிரப்பிய மண். சுங்கை பீசியைப் போன்ற பழைய ஈயச் சுரங்க வட்டாரங்களில் அந்த மண்ணுக்கடியில் இளகிய சேறும் இருக்கலாம். இதன்மேல் வெறும் கான்கிரீட் பலகையை ஊற்றிச் சுவர் எழுப்பினால், வீடு நின்ற இடத்திலேயே நிற்க, சமையலறை மட்டும் மெல்ல இறங்கும். முதலில் பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழை போன்ற ஒரு கோடு தெரியும். அடுத்தடுத்த மழைக்காலங்களில் அது மேலே அகன்றும் கீழே குறுகியும் பிளவாகும். பின்கதவு நிலையில் உரசத் தொடங்கும். டைல்ஸ் ஒரே நேர்கோட்டில் வெடிக்கும். தரைக்கடியில் உள்ள குழாயும் சாய்வை இழப்பதால் பாத்திரம் கழுவும் தொட்டியின் தண்ணீர் வடிய நேரமாகும். அந்தப் பிளவில் சிமெண்டைப் பூசி வண்ணம் அடிப்பதால் எந்தப் பயனும் இல்லை.

இதைத் தவிர்க்க, வேலை தொடங்குமுன் மெக்கிந்தோஷ் சோதனை செய்யச் சொல்லுங்கள். எடையை விழவிட்டு இரும்புக் கம்பியை மண்ணுக்குள் இறக்கி, எத்தனை முறை அடித்தால் எவ்வளவு ஆழம் போகிறது என்று எண்ணும் எளிய சோதனை அது. அந்த எண்ணிக்கையைப் பார்த்து, பக்காவ் எனப்படும் கண்டல் மரக் கழிகள் போதுமா, நுண்தூண்கள் எனும் மெல்லிய அடித்தூண்களை இறக்க வேண்டுமா என்பதைப் பொறியாளர் முடிவு செய்யட்டும். புதுப் பகுதிக்குத் தனித் தூண்களும் தனி அடித்தளமும் இருக்க வேண்டும். புது உத்தரத்தைப் பழைய தூணில் துளையிட்டுக் கட்டிவிட்டால், இறங்கும் சமையலறை பழைய வீட்டையும் சேர்த்து இழுக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய இடைவெளி விட்டு, நெகிழும் பசையால் நிரப்புவதே முறை. “எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் உறுதியாக இருக்கும்” என்று சொல்லும் குத்தகையாளரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

வெளிச்சமும் காற்றும் மண்ணுக்கு நிகரான அக்கறைக்குரியவை. தெரஸ் வீட்டுக்கு முன்னும் பின்னும்தான் திறப்பு உண்டு. பின்னெல்லை வரை மூடிக் கட்டினால், பழைய சாப்பாட்டு அறை பகலிலும் விளக்கு எரியும் இருட்டறையாகிவிடும். ஓர் அறையின் சன்னல் பரப்பு தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, காற்று தடையின்றிப் புகும் திறப்பு 5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது கட்டடத் துணைச் சட்டங்களின் அளவுகோல். 20 அடிக்கு 12 அடிச் சமையலறை என்றால் 24 சதுர அடி சன்னலும், அதில் 12 சதுர அடி திறப்பும் வேண்டும். இடத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, பழைய அறைக்கும் புதுச் சமையலறைக்கும் நடுவே வானம் தெரியும் சிறு முற்றம் ஒன்றை விடுங்கள். துணி காயவும் கறிவேப்பிலைத் தொட்டி வைக்கவும் அதுவே பயன்படும்.

கூரையைப் பொறுத்தவரை, ஒழுகுவது பெரும்பாலும் பழைய சுவரோடு புதுக் கூரை சேரும் இடத்தில்தான். அங்கே உலோகத் தகட்டைச் சுவருக்குள் வெட்டிச் செருகியிருக்கிறார்களா என்று நீங்களே ஏறிப் பாருங்கள். வெறும் சிலிக்கோன் பூச்சு இந்த ஊர் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயில் இணைக்கக் கூடாது, வடிகாலுக்கே விட வேண்டும். பழைய வீட்டின் பின்கூரை அலையலையான சாம்பல் நிறத் தகடாக இருந்தால் அதில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதைச் சுத்தியலால் உடைக்க விடாமல், அறிந்த ஆட்களைக் கொண்டு நனைத்து முழுத் தகடாகக் கழற்றுங்கள்.

இனி, உள்ளே சமைப்பவரின் வசதி. மிளகாய் வறுத்து, கருவாடு பொரித்து, நாள்தோறும் தாளிக்கும் நம் சமையலுக்கு, அடுப்புக்கு மேல் பொருத்தும் புகையுறிஞ்சியான ஹூட்டில், காற்றை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும் வகை பயன்படாது. புகையைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் ஹூட் வாங்கி, அந்தக் குழாயைக் குறுகியதாகவும் வளைவு குறைந்ததாகவும் அமையுங்கள். அதன் வாய் அண்டை வீட்டுச் சன்னலைப் பார்க்க வேண்டாம். மேசையின் உயரத்தைக் கடைக்காரரின் அளவுக்கு விடாமல், அதிகம் சமைப்பவரை நிற்க வைத்து, முழங்கைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருக்குமாறு குறியுங்கள். பெரிய பானை ஏறும் அடுப்பின் பகுதி இன்னும் சற்றுத் தாழ்வாக இருந்தால், பொங்கலன்று பானைக்குள் எட்டிக் கிளறத் தோள் வலிக்காது. 14 கிலோ கேஸ் தோம்பை (சிலிண்டரை) சுவருக்கு வெளியே வைப்பது சிறந்தது. உள்ளேதான் வைக்க முடியும் என்றால், அந்தக் கேபினட்டின் அடியில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும், ஏனெனில் இந்த எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும்.

மின்கம்பி வேலையைப் பதிவுபெற்ற மின்பணியாளரிடம் மட்டுமே கொடுங்கள். மாவரைக்கும் கிரைண்டர், மிக்சி, ரைஸ் குக்கர் ஆகியவை நிற்கப்போகும் இடங்களை முன்கூட்டியே காகிதத்தில் குறித்தால் நீட்டிப்புக் கம்பிகள் தேவைப்படா. மின்சார ஓவன், வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றுக்குத் தனித்தனி இணைப்பு வேண்டும். ஈரமான இடத்துக்கு 10 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுப் பாதுகாப்புக் கருவி வேண்டும்.

மேசைப் பலகைக்குக் கருநிற கிரானைட்டையே நான் பரிந்துரைப்பேன். வெள்ளைப் பலகையில் மஞ்சள் கறை ஏறினால் எளிதில் போகாது; குவார்ட்ஸில் பிசின் கலந்திருப்பதால் சூடான சட்டியை நேராக வைக்க முடியாது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வரும் கேபினட் அலுமினியமாக இருக்கட்டும். கரையானும் ஈரமும் அதை ஒன்றும் செய்யா.

காலத்தைக் கணக்கிடும்போது, பொங்கல் முடிந்ததும் தொடங்கிவிடலாம் என்று எண்ணாதீர்கள். அதையடுத்து வரும் சீனப் பெருநாளுக்கு கட்டுமானப் பொருள் விற்கும் வன்பொருள் கடைகள் மூடப்படும்; நோன்புப் பெருநாளுக்குத் தொழிலாளர் பலர் ஊருக்குப் போய்விடுவர். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை கொட்டும். ஆகவே கூரை திறக்கும் கட்டம் ஜூன், ஜூலையில் அமையுமாறு பார்த்துக்கொண்டால் தீபாவளிக்குப் புது அடுப்பில் முறுக்கு சுடலாம்.

ஒப்பந்தத்தில் பொருளின் பெயர், தடிமன், அளவு, கட்டுமானக் கழிவை யார் அகற்றுவது என்பது வரை எழுதி வாங்குங்கள். குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிவு பெற்றவரா என்று முதலிலேயே பாருங்கள். பணத்தை முடிந்த வேலைக்கு மட்டும் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். இடையில் கேட்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் விலையை எழுத்தில் பெறுங்கள். தகராறு வந்தால் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டு போகலாம். அங்கே உங்கள் ரசீதுகளும் படங்களுமே பேசும். டைல்ஸ் ஒட்டுமுன் தரையில் தண்ணீர் தேக்கி ஒரு நாள் முழுதும் விட்டுப் பாருங்கள். ஒட்டிய பின் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டி, வெற்று ஓசை வரும் இடங்களைக் குறித்து மாற்றச் சொல்லுங்கள். தொகையில் 5 முதல் 10 விழுக்காட்டை நிறுத்திவைத்து, சில கனமழைகளுக்குப் பிறகு கூரையும் இணைப்புக் கோடும் ஒழுகாமல், விரியாமல் இருப்பதைப் பார்த்த பின்னரே கொடுப்பதாக முதல் நாளிலேயே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.