கடலோரத்துல திண்ணைய கண்ணாடி போட்டு அடைக்கப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம்னு எங்க போனாலும் இப்ப இந்த வேலை நடக்குது. முன்னாடி இருக்குற சிட் அவுட்டையோ, பக்கவாட்டு இடைவெளியையோ, கொல்லைப்பக்கத்து தாழ்வாரத்தையோ அலுமினியம் கண்ணாடி போட்டு அடைச்சு ஒரு ரூம் ஆக்கிடுறாங்க. வெளிநாட்டுல இருக்குற புள்ளைங்க வீடியோ அனுப்பிச்சு சன் ரூம்னு சொல்லுதுங்க, நம்ம ஊரு பேப்ரிகேட்டரும் போட்டோவ பாத்துட்டு ஸ்கொயர் ஃபீட் ரேட் சொல்லிடுறாரு. ஆசை தப்பே இல்லீங்க. ஐப்பசி மழையில நனையாம உக்காந்து மழைய பாக்குற சுகம் எனக்கும் தெரியும். எங்க வீட்லயும் இருக்கு, ஆனா இப்ப இருக்கறது ரெண்டாவது, மொதல்ல கட்டுனது கஜா புயல்ல போயிடுச்சு. அதுல பட்டதையும் அதுக்கப்புறம் சொந்தக்காரங்க வீடு நாலஞ்சுல கூட நின்னு பாத்ததையும் வச்சுத்தான் எழுதுறேன்.

மொத தப்பு, கூரைக்கும் கண்ணாடி போடுறது. சன் ரூம்ங்கறதே குளிர் நாட்டுக்காரங்க வெயில உள்ள புடிச்சு வச்சுக்கறதுக்காக கட்டுறது. வெயில் கண்ணாடி வழியா உள்ள வந்து தரையயும் நாற்காலியயும் சூடாக்கும், அந்தச் சூடு திரும்பி வெளிய போக வழி இருக்காது. அவங்களுக்கு வேண்டியதே அதுதான், நமக்கு அது சித்திரை மாசத்துல அடுப்பு. நாகப்பட்டினம் இருக்கறது கிட்டத்தட்ட 10.8 டிகிரி வடக்குல. ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசிலயும் மத்தியான சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல நிக்கும். இன்னொன்னு நெறைய பேருக்கு தோணாது, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற நாலு மாசமும், முக்கியமா வைகாசி ஆனியில, மத்தியான சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் சாஞ்சு இருக்கும். வடக்குப் பக்கம் வெயிலே வராதுன்னு நம்பி அந்தப் பக்கம் முழுக்க கண்ணாடி வச்சா அந்த மாசங்கள்ல வெயில் உள்ள எட்டிப் பாக்கும், ஒரு ரெண்டடி கூரை நீட்டம் இருந்தா போதும், மத்தியான வெயில தடுத்துரும். கூரைய ஓடாவோ பஃப் பேனலாவோ (நடுவுல ஃபோம் வச்ச தகடு) போடுங்க, வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து வரட்டும். மேக்குப் பக்கம் கண்ணாடி வைக்கவே வைக்காதீங்க, மூணு மணிக்கு மேல அந்த ரூமுக்குள்ள யாரும் கால் வைக்க மாட்டாங்க.

அடுத்தது காத்த அடைக்கிறது. என்னைக் கேட்டா இதுதான் பெரிய தப்பு, ஏன்னா இது புது ரூம மட்டும் இல்ல, பழைய வீட்டையும் கெடுக்கும். நம்ம பழைய வீடுகள்ல திண்ணை, ரேழி, முத்தம்னு ஒரே நேர்கோட்டுல இருக்கும், திண்ணைப் பக்கம் நுழையுற காத்து முத்தத்து வழியா மேல ஏறிப் போயிடும். அந்தத் திண்ணைய அடைச்சா மூக்கப் பொத்துன மாதிரி. எங்க அத்தை வீட்ல சிட் அவுட்ட அடைச்சாங்க, ரூம் பாக்க அழகாத்தான் இருந்துச்சு, ஆனா ஹால் ஜன்னல் ரெண்டும் அந்த ரூமுக்குள்ள மாட்டிக்கிச்சு. அன்னிலேருந்து பகல் பதினோரு மணிக்கு ஹால்ல டியூப் லைட் எரியுது, மத்தியானம் கெளம்புற கடக்காத்து கண்ணாடிக்கு வெளியவே நின்னுடுது. அத்தை இப்ப சாயங்காலம் வாசப்படியில வெளிய வந்து உக்காந்துக்கறாங்க. ஸ்லைடிங் ஜன்னல் ரெண்டு டிராக்ல போட்டா எப்பவும் பாதிதான் தொறக்கும், அதனால கதவு மாதிரி முழுசா தொறக்குற மாடலா கேளுங்க. காத்து வர்ற பக்கம் மட்டும் இல்லாம அதுக்கு எதிர்ப்பக்கமும் தொறக்கணும், கூரைக்கு அடியில சூடு போறதுக்கு ஒரு லூவர், அதாவது சாய்வுப் பட்டை வச்ச காத்து வழி, வேணும். கொசுவுக்கு ஃபைபர் வலை போடுங்க, துருப் புடிக்காது.

இப்ப உப்பு. இத கொஞ்சம் விரிவா சொல்றேன், பணம் அதிகமா வீணாப் போறது இதுலதான்.

எங்க மொத ரூமோட கூண்டு ஜிஐ பைப்ல, அதாவது துத்தநாகம் பூசுன இரும்பு பைப்ல பண்ணுனது. ஜிஐ துருப் புடிக்காதுன்னு பட்டறையில சொன்னாங்க, பைப்ப பொறுத்த வரைக்கும் அது பாதி நெசம். ஆனா வெல்டிங் வைக்கிற எடத்துல மேல இருக்குற துத்தநாகப் பூச்சு எரிஞ்சு போயிடும், அங்க வெறும் இரும்புதான். அதுக்கு மேல சில்வர் பெயிண்ட் அடிச்சா கண்ணுக்குத் தெரியாது. மூணாவது வருஷம் ஒரு நாள் மூலை ஜாயிண்ட்ல பெயிண்ட் லேசா உப்பி இருந்துச்சு, கட்டைவிரலால அமுக்குனேன், அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளேருந்து காபித்தூள் கணக்கா துரு கொட்டுச்சு. மேல மழை நேரா படுற எடமெல்லாம் நல்லா இருந்துச்சு, கூரைக்கு அடியில நனையாத எடத்துலதான் அரிச்சிருந்தது. காரணம் இதுதான், மழை உப்ப கழுவி விட்டுடுது, மழை படாத அடிப்பக்கத்துல உப்பு படிஞ்சு அப்படியே தங்கிடுது, ராத்திரி ஈரத்த இழுத்து வச்சுக்குது. அதனால வெல்டிங் முடிஞ்சதும் கிரைண்டர்ல தேச்சு எபாக்சி பிரைமர் அடிங்க, முக்கியமா கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்துல. முடிஞ்சா கூண்டையே அலுமினியத்துல பண்ணிடுங்க, இல்ல எல்லா வெல்டிங்கும் ஓட்டையும் முடிச்சுட்டு அப்புறமா கால்வனைசிங் குளியல் (உருகுன துத்தநாகத்துல முக்குறது) போட்டு வாங்கி சைட்ல போல்ட் மட்டும் போட்டு மாட்டுங்க.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா துருவே இல்லன்னு நெனைக்கிறதும் தப்புதான். கடைல சாதாரணமா கெடைக்கறது 304ங்கற ரகம், கடல் பக்கத்துல அதுல டீ சிந்துன மாதிரி பழுப்பு கறை வரும். 316ங்கற ரகத்துல மாலிப்டினம் 2லேருந்து 3 சதவீதம் இருக்கு, அது உப்பத் தாங்கும். வெலை கூடத்தான், ஆனா கைப்பிடி, கீல், ஸ்க்ரூ இதுக்கு மட்டுமாவது அத வாங்குங்க. அலுமினிய பிரேம்ல சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டு முடுக்குறத நானே பாத்திருக்கேன், ஸ்க்ரூ மொதல்ல துருவேறி வெள்ளை பவுடர் கோட்டிங் மேல கண்ணீர் வடிஞ்ச மாதிரி கோடு எறங்கும், அப்புறம் ரெண்டு உலோகமும் உப்பு ஈரத்துல ஒன்னு சேந்தா அரிப்பு இன்னும் வேகமாகும். இன்னொரு விஷயம், டைல்ஸ் வேலை முடிஞ்சதும் ஆசிட் ஊத்திக் கழுவுவாங்கல்ல, அலுமினியமும் ஸ்டீலும் மாட்டுனதுக்கு அப்புறம் அத செய்யவே விடாதீங்க. அந்தப் புகை பட்டாலே போதும்.

காத்துக்கு வர்றேன். 2018 நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரைய கடந்துச்சு, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல காத்து. புயலோட மையம் தலைக்கு மேல போன எடத்துல மொதல்ல ஒரு பக்கமிருந்து அடிச்சு, கொஞ்ச நேரம் அமைதியாகி, அப்புறம் எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும், அதனால எங்க வீட்டுக்கு வாடைக்காத்து மட்டும்தான்னு கணக்குப் போடக்கூடாது. நம்ம ஆளுங்க கூரை பாரம் தாங்குமான்னு மட்டும் பாப்பாங்க, ஆனா புயல்ல கூரை கீழ விழறத விட மேல கெளம்புறதுதான் ஜாஸ்தி. கூரைக்கு மேல ஓடுற காத்து அத மேல உறிஞ்சும், அந்த நேரத்துல ஒரு கண்ணாடி ஒடஞ்சு காத்து உள்ள பூந்துட்டா கீழேருந்தும் தள்ளும்.

எங்களுக்கு அதுதான் நடந்துச்சு. விடிஞ்சு வந்து பாத்தா கூண்டு கொல்லையில தலைகீழா கெடக்கு, நாலு காலும் வானத்த பாத்துக்கிட்டு, கால் அடியில இருக்குற ஒவ்வொரு பேஸ் பிளேட்டுலயும் போல்ட் அப்படியே இருக்கு, போல்ட் நுனியில ஒடஞ்ச டைல்ஸ் துண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. போல்ட் ரெண்டு இஞ்சுதான் எறங்கியிருந்தது, அதுவும் டைல்சுலயும் அதுக்கு அடியில இருக்குற கலவையிலயும். காங்கிரீட்ட தொடவே இல்ல. அப்பா அந்த பிளேட்ட கையில புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒன்னும் பேசல. நீங்க காலு வைக்கிற எடத்துல டைல்ச எடுத்துட்டு தனியா காங்கிரீட் பெடஸ்டல் (குட்டித் தூண்) போட்டு அதுலேயே ஆங்கர் போல்ட்ட ஊத்தச் சொல்லுங்க. காத்து பாரத்துக்கு ஐஎஸ் 875 மூணாம் பாகம்னு ஒரு விதிமுறை இருக்கு, அதப் பாத்து ஒரு இன்ஜினியர் கணக்குப் போட்டா செலவு பெருசா வராது. கண்ணாடி டஃபன்டா (சூடாக்கி உறுதியாக்குனது) இருக்கணும், தலைக்கு மேல கண்ணாடி வச்சே ஆகணும்னா லேமினேட்டடா இருக்கணும், ஒடஞ்சாலும் நடுவுல இருக்குற பிலிம்ல ஒட்டிக்கிட்டு நிக்கும். டஃபன்ட் கண்ணாடிய அப்புறம் வெட்டவே முடியாது, அதனால பிரேம் நின்னதுக்கு அப்புறம் அளவெடுத்து ஆர்டர் குடுங்க.

கூரைக்கு பாலிகார்பனேட், அதாவது வெளிச்சம் விடுற பிளாஸ்டிக் ஷீட் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. அது வெயில்ல நீளும். பத்தடி ஷீட்டு 30 டிகிரி சூடு ஏறுனா கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் நீளும், ஸ்க்ரூவுக்கு சரியா ஓட்டை போட்டு இறுக்கிட்டா அந்த எடத்துலேயே வெடிப்பு விடும். ஓட்டைய பெருசா போட்டு ரப்பர் வாஷர் வைக்கணும். வெயிலத் தாங்குற யூவி பூச்சு இருக்குற பக்கம் ஷீட்ல எழுதியிருக்கும், அது மேல வரணும், திருப்பிப் போட்டு மஞ்சளாகி நொறுங்குன கூரைங்க எத்தனையோ.

அஸ்திவாரத்த பத்தி யாரும் யோசிக்கிறதே இல்ல. டெல்டா களிமண்ணு மழையில உப்பும், கோடையில வெடிக்கும். பழைய வீடு உக்காந்து முப்பது வருஷம் ஆகியிருக்கும், புதுசா கட்டுறது இனிமேதான் உக்காரும், ரெண்டையும் ஒட்டிப் பூசிட்டா அந்த ஜாயிண்ட்ல விரிசல் வராம இருக்காது. நடுவுல இடைவெளி விட்டு, மேல பிளாஷிங் ஷீட்ட (அந்த இடைவெளில மழைத்தண்ணி எறங்காம தடுக்குற தகடு) செவுத்துல காடி எடுத்து சொருகுங்க, சிமெண்ட் பூசுனா ஒரு மழைக்காலம்தான் தாங்கும். காங்கிரீட்டுக்கு உப்பு போர் தண்ணி ஊத்தவே கூடாது, கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் அளவு, நம்ம கடலோர போர்ல பல எடத்துல வாயில வச்சாலே தெரியும். நல்ல தண்ணி லாரிக்கு குடுக்குற காச மிச்சம் புடிக்காதீங்க. கடற்கர மணலும் வேணாம். கம்பிக்கு வெளிய காங்கிரீட் கவர் 45லேருந்து 50 மில்லிமீட்டர் இருக்கணும்னு மேஸ்திரிகிட்ட மொதல்லயே சொல்லிடுங்க, வழக்கமா விடுறது அதுல பாதி கூட இருக்காது.

கூரைக்கு வாட்டம், அதாவது சாய்வு பத்தாம போறது இன்னொன்னு. ஷீட் கூரைக்கு பத்தடிக்கு ஒரு அடியாவது எறங்கணும், ஏன்னா கார்த்திகை மழை மேலேருந்து மட்டும் வராது, காத்தோட சேந்து கீழேருந்து மேலயும் ஏறும். ரூம் தரை ஹால் தரைய விட ஒரு ரெண்டு இஞ்சு தாழ்வா இருக்கட்டும், தண்ணி வெளிய போற மாதிரி. பக்கத்து வீட்டு செவுத்துல ஊத்துற மாதிரி கூரைய எறக்கிடாதீங்க, உறவே முறிஞ்சிடும், நம்ம எல்லைக்குள்ளயே பைப் வச்சு மழைநீர் தொட்டிக்கு விடுங்க.

கடலுக்குக் கிட்டக்க இருக்குறவங்க, ஹை டைட் லைன்னு சொல்றாங்களே, ஓதம் ஏறுற அந்த உச்ச எல்லையிலேருந்து 500 மீட்டருக்குள்ள இருந்தா, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி வரும். சும்மா ஷெட்டுதானேன்னு ஆரம்பிச்சுடாம, பஞ்சாயத்துலயோ நகராட்சியிலயோ எழுத்துல கேட்டுக்குங்க.

வேலைய பொங்கல் கழிஞ்சு தொடங்குங்க. புரட்டாசியில அட்வான்ஸ் குடுத்தா ஐப்பசியில பாதி வேலைல மழை புடிச்சுக்கும், ஈரத்துலயும் உப்புப் படிஞ்ச பிரேம்லயும் இடுக்க அடைக்கிற சிலிகான் ஒட்டாது, ஒட்டுன மாதிரி இருந்துட்டு ஆறு மாசத்துல நூல் மாதிரி உரிஞ்சு வரும். நல்ல தண்ணியில தொடச்சு காய விட்டுட்டுத்தான் அடிக்கணும், பக்கத்துலயே நின்னு பாருங்க. கட்டி முடிச்சதுக்கு அப்புறம் எங்க வீட்ல அம்மா வெள்ளிக்கிழமை வாசல் கழுவுறப்போ ஹோஸ் பைப்ப கூரைக்கு அடிப்பக்கம், கீல், ஜன்னல் டிராக் இதுக்கெல்லாம் ரெண்டு நிமிஷம் காட்டிடுவாங்க, போர் தண்ணி இல்ல, பஞ்சாயத்துத் தண்ணி.