ஊட்டியில் அமுங்காத வினிகர் கேக்

முட்டை, பால், வெண்ணெய் எதுவும் வேண்டாத பழைய சிக்கனக் கேக் இது. மைதா, சர்க்கரை, கோகோ, சமையல் சோடா, வினிகர், எண்ணெய், தண்ணீர் போதும். கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் அழகாக வரும். அதே அளவில் ஊட்டியில் செய்தால் நன்றாக எழும்பி, அப்புறம் நடுவில் அமுங்கிவிடும்.

காரணம் உயரம்தான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் சோடாவும் வினிகரும் சேர்ந்து உண்டாக்கும் வாயு அதிகமாக விரிகிறது. மாவு வெந்து இறுகுவதற்குள் குமிழ்கள் உடைந்துவிடுகின்றன. ஈரமும் சீக்கிரம் போய்விடும்.

ஒன்றரைக் கப் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் சோடா போட்டு வந்ததை அரை டீஸ்பூனுக்குச் சற்று மேலாகக் குறைத்தேன். பெரிய மாற்றம் இதில்தான் கிடைத்தது. ஒரு கப் சர்க்கரையில் இரண்டு மேசைக்கரண்டி குறைத்தேன், தண்ணீரை ஒரு கப்புக்கு மேல் மூன்று மேசைக்கரண்டி கூட்டினேன். ஓவன் சூடு 180 டிகிரிக்குப் பதில் 190. வினிகர் எப்போதும்போல ஒரு மேசைக்கரண்டி. எண்ணெய் அளவையும் தொடவில்லை.

வினிகரைக் கடைசியில் ஊற்றி, லேசாகக் கலந்து, உடனே ஓவனில் வைத்துவிட வேண்டும். மாவைக் காத்திருக்க விட்டால் வாயு வீணாகிவிடும். இப்போது மேல்பாகம் சமமாக, உள்ளே மெத்தென்று வருகிறது. மறுநாள் இன்னும் ருசி.