பையருக்கு எழுதும் மெயிலில் 'மிக்ஸ்' எப்போது, 'மிக்ஸ் அப்' எப்போது

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆடை ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக் கொடுப்பவராக, வேலை பார்ப்பவர்களுக்குப் பேக்கிங் பற்றி மெயில் எழுதாத நாளே கிடையாது. என் டீமில் யார் எழுதிக் காட்டினாலும், 'மிக்ஸ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'அப்' ஒட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பணம் போகிற இடம் அது.

ஒரே கார்ட்டனில் எஸ், எம், எல், எக்ஸ்எல் நான்கையும் 1:2:2:1 என்று பையர் சொன்ன கணக்கில் போடுகிறோம். இது தெரிந்தே கலப்பது. இதற்கு 'மிக்ஸ்டு சைசஸ்' போதும். 'அசார்ட்டட்' இன்னும் நல்லது. 'தி சைசஸ் ஆர் மிக்ஸ்டு அப்' என்று எழுதினால், எம் போக வேண்டிய இடத்தில் எல் போய்விட்டது என்று அர்த்தம். சரியாகப் பேக் செய்த சரக்கை நாமே தப்பு என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நூலுக்கு இரண்டுமே வேண்டாம். காட்டனும் பாலியெஸ்டரும் 60/40 என்றால் 'பிளெண்ட்'.

உண்மையிலேயே லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணி) மாறிப்போய் ஒரே சட்டையில் உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு என்று வந்துவிட்டால், அப்போது 'மிக்ஸ் அப்' சரி. 'வீ மிக்ஸ்டு அப் தி லாட்ஸ்', 'வீ மிக்ஸ்டு தி லாட்ஸ் அப்' இரண்டும் எழுதலாம். 'தெம்' வந்தால் மட்டும் அதற்கு நடுவில்தான் இடம்: 'வீ மிக்ஸ்டு தெம் அப்'. 'மிக்ஸ்டு அப் தெம்' தவறு; நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். எது எதோடு மாறியது என்று சொல்ல 'வித்': 'மிக்ஸ்டு அப் லாட் 14 வித் லாட் 41'. ஆளைப் பற்றி எழுதும்போது 'இன்' போட்டுவிடாதீர்கள். 'மிக்ஸ்டு அப் இன்' என்றால் ஏதோ வில்லங்கத்தில் சிக்கியவர் என்று படும்.

அப்புறம் நடுக்கோடு. வினையாக வரும்போது கோடு கிடையாது. முன்னால் 'எ' அல்லது 'தி' நின்று பெயர்ச்சொல்லாகிவிட்டால் 'மிக்ஸ்-அப்', பன்மைக்கு 'மிக்ஸ்-அப்ஸ்'.

மன்னிப்பு மெயிலில் 'தி கார்ட்டன்ஸ் காட் மிக்ஸ்டு அப்' என்று தானாக நடந்தது போல எழுதுவது எனக்குப் பிடிக்காது. 'அவர் (our) பேக்கிங் செக்‌ஷன் மிக்ஸ்டு அப் தி லேபிள்ஸ்' என்று நேராகச் சொல்லுங்கள். அடுத்த வரியிலேயே கார்ட்டன் நம்பர்களையும் ரீபேக்கிங் முடியும் தேதியையும் கொடுங்கள்.