மல்டிட்ராக் ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு: முடிந்த பாட்டைக் கெடுக்கும் தவறுகள்

படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை முடிந்த கையோடு கோத்தகிரியில் என் ரெக்கார்டிங் அறைக்குப் பையன்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். ஹட்டிக்கு ஹட்டி, அதாவது படுகர் ஊருக்கு ஊர், ஒரு பாட்டுக் குழு இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குப் பாடிய சர்ச் குழுக்களும் அதே நேரத்தில்தான் வருகின்றன. கூட்டாகக் காசு போட்டு ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனித்தனி ட்ராக்கில் பதியும் ஒரு மல்டிட்ராக் ரெக்கார்டர் வாங்கி, ஊர் மண்டபத்திலேயே பாடிப் பதிந்து, மிக்ஸிங்கும் அதிலேயே முடித்துவிடுகிறார்கள். ரெக்கார்டரில் போட்டுக் கேட்டால் பாட்டு அருமையாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொண்டுவந்ததைக் கேட்டால் அது வேறு பாட்டு. இடையில் நடந்தது என்ன என்று கேட்டால், வருடா வருடம் அதே பதில்கள்தான் வருகின்றன.

கார்டு நிறைந்துவிட்டதா, பேட்டரி இருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. பெட்டியோடு வரும் புத்தகத்தில் அதெல்லாம் இருக்கிறது.

ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து மைக் ஓட்டைக்கு ஒயர் போடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ரெக்கார்டரின் ஹெட்ஃபோன் ஓட்டையில் ஒரு ஒயர், அதன் மறுமுனை லேப்டாப்பின் மைக் ஓட்டையில். இங்கே ப்ளே, அங்கே ரெக்கார்ட். புது லேப்டாப்பில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஓட்டைதான் இருக்கும் என்பதால், அதற்கென்று ஒரு ஸ்ப்ளிட்டர் வேறு வாங்கி மாட்டுகிறார்கள். கடையில் இப்படித்தான் செய்யச் சொன்னார்கள் என்பார்கள்.

ஒரு குழு நீலகிரிப் பழங்குடியான கோத்தர் ஒருவரை அழைத்துவந்து கொள் ஊத வைத்திருந்தது. கோத்தர்களின் கொள் இரட்டை நாக்கு வைத்த ஊதுகுழல். திறந்த வெளியில் வெகுதூரம் கேட்கும். மண்டபத்துக்குள் அதைப் பதிவது லேசான வேலை இல்லை. பையன்கள் மைக்கைத் தள்ளி வைத்து நன்றாகவே பிடித்திருந்தார்கள். மிக்ஸிங்கில் கொள் ஒலியை வலது பக்கம், பறையை இடது பக்கம், குரல்களை நடுவில் என்று பிரித்ததும் சரியான முடிவுதான். பிறகு இந்த ஒயர் வேலை.

லேப்டாப்பின் மைக் இணைப்பு பெரும்பாலும் ஒற்றைச் சேனல். ஸ்டீரியோ ஒயரைச் செருகினால் இடது பக்கம் மட்டும் உள்ளே போகும். வலது பக்கத்துக்கு அங்கே இடமே இல்லை. அவர்கள் கொண்டுவந்த ஃபைலில் கொள் இல்லை. ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக் கேட்டால், ரிவெர்ப் (எதிரொலி) இடது பக்கமாகக் கசிந்த இடங்களில் மட்டும் எங்கோ பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஊதுவதுபோல் ஒரு இழை கேட்டது.

அதோடு முடியவில்லை. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து வருவது அதைப்போல நூறு மடங்குகூட இருக்கும். அந்தச் சிறிய சிக்னலைப் பெருக்குவதற்காக வைத்த ப்ரீஆம்புக்குள் இவ்வளவு போனால் பறையின் ஒவ்வொரு அடியும் நசுங்கும். நசுங்குகிறதே என்று ரெக்கார்டரில் வால்யூமைக் குறைத்தால், ப்ரீஆம்பின் சொந்த இரைச்சல் மேலே வரும். லேப்டாப் சார்ஜரில் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டின் உறுமலும் சேர்ந்துகொள்ளும். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பல சமயம் உடனே நின்றுவிடும்.

விண்டோஸ் தன் பங்குக்கு ஒன்று செய்கிறது. மைக் வழியாக வருவது பேச்சு என்று எடுத்துக்கொண்டு, பல லேப்டாப்களில் இரைச்சலைக் குறைக்கும் வசதி தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக நீளும் எந்த ஒலியும் அதன் கணக்கில் இரைச்சல். பாட்டின் கடைசியில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்திருந்தார்கள். லேப்டாப் அதைப் பாதியிலேயே அமுக்கிவிட்டது. மூச்சு முட்டியதுபோல் குரல் உள்ளே போய், அடுத்த வார்த்தைக்குத் திடீரென்று வெளியே வந்தது.

"அண்ணா, கார்டுல ஒரிஜினல் இருக்கும்ல?" என்று அவர்களிடமே நான் கேட்க வேண்டியிருந்தது, அவர்களில் வயதில் மூத்தவர் ஒருவர் பொறுப்பாக இருந்தார். அடுத்த நிகழ்ச்சிக்கு வேண்டும் என்று கார்டை ஃபார்மட் செய்துவிட்டதாகச் சொன்னார். கொள் ஊதியவரை மறுபடி அழைக்க அவர்களுக்கு வசதிப்படவில்லை. அந்தப் பாட்டை அப்படியே வெளியிட்டார்கள். கல்யாண வீடுகளில் இன்றும் அதைப் போடுகிறார்கள், கொள் இல்லாமல். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்தப் பாட்டு கார்டில் ஏற்கெனவே எண்களாக, முழுசாக இருந்தது. அதை மின்சாரமாக மாற்றி, மட்டமான வழியில் அனுப்பி, திரும்பவும் எண்ணாக்க வேண்டிய அவசியம் எங்கே இருந்தது? ஃபைலாக எடுத்திருந்தால் ஒரு நிமிட வேலை.

ஃபைலாக எடுக்கவே முடியாத பழைய மெஷின் என்றால் மட்டும் ஒயரைத் தொடுங்கள். அப்போதும் லேப்டாப்பின் மைக் ஓட்டை வேண்டாம். லைன் இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி) ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டுவாருங்கள். ரெக்கார்டரின் லைன் அவுட்டிலிருந்து இடதுக்கு ஒரு ஒயர், வலதுக்கு ஒரு ஒயர். மென்பொருளில் 24 பிட். பாட்டின் மிகச் சத்தமான இடத்தில் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. விண்டோஸின் சவுண்ட் செட்டிங்கில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்றிருப்பதை அணைத்துவிடுங்கள். ரெக்கார்டரில் டிஜிட்டல் அவுட் இருந்தால் அதுவே மேல். கம்ப்யூட்டர் பக்கம் க்ளாக்கை (இரண்டு மெஷினும் ஒரே வேகத்தில் ஓடுவதற்கான நேரக் கணக்கை) வெளியிலிருந்து எடுக்கும்படி வையுங்கள்.

கார்டில் பாட்டே இல்லை என்று பயப்படுவது

டாஸ்கேம் டிபி-24 போன்ற மெஷின்கள் கார்டை இரண்டு பகுதியாகப் பிரித்து வைத்திருக்கும். பாட்டு இருப்பது ஒரு பகுதியில். கம்ப்யூட்டர் படிப்பது இன்னொரு பகுதியை. யுஎஸ்பி ஒயரைச் செருகியதும் காலி ஃபோல்டர் தெரிகிறதே என்று பதறுகிறார்கள். முதலில் மெஷினிலேயே எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும். அப்போதுதான் பாட்டு வேவ் (சுருக்காத ஒலி) ஃபைலாகக் கம்ப்யூட்டர் பார்க்கும் பகுதிக்கு வரும். ஸூம் ஆர்16 வகையில் இந்தத் தொல்லை இல்லை. வேவ் ஃபைல்கள் கார்டிலேயே நேராக இருக்கும்.

எந்த மெஷினாக இருந்தாலும், கார்டைச் செருகியதும் கம்ப்யூட்டர் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு கார்டை வெளியே எடுங்கள்.

ட்ராக்குகளை மட்டும் அள்ளிக்கொண்டு வருவது

ஃபைல்கள் நேராகக் கிடைக்கின்றன என்பதே சிலருக்கு வினையாகிவிடுகிறது. ஃபோல்டரில் உள்ள பன்னிரண்டு ஃபைலையும் காப்பி செய்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி ப்ளே செய்வார்கள். சரணத்தில் வர வேண்டிய கோரஸ் பாட்டின் தொடக்கத்திலேயே கத்தும். காரணம் இதுதான்: பாட்டின் நடுவில் ரெக்கார்ட் அழுத்திப் பாடியது, அந்த இடத்திலிருந்து தொடங்கும் தனி ஃபைலாக நிற்கிறது. எந்த நிமிடத்தில் தொடங்க வேண்டும் என்பது மெஷினுக்குத் தெரியும். ஃபைலை மட்டும் பிடுங்கி வந்தால் அந்த விவரம் கூட வராது.

ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் பூஜ்யத்திலிருந்து மெஷினிலேயே மறுபடி பவுன்ஸ் செய்துவிட்டு (புது ஃபைலாக மாற்றிப் பதிந்துவிட்டு) காப்பி செய்யுங்கள். இனிமேல் பதியும் பாட்டு என்றால், கோரஸ் இரண்டே வரி பாடினாலும் பூஜ்யத்திலிருந்தே ரெக்கார்ட் அழுத்துங்கள். வெறுமையாக ஓடட்டும், பரவாயில்லை.

இன்னொன்று. மெஷினில் நீங்கள் வைத்த ஃபேடர் (ஒலி அளவு), இடம் வலம், ரிவெர்ப் எதுவும் தனி ட்ராக் ஃபைலில் இருக்காது. "குரல் மொட்டையாக இருக்கிறது" என்று வருகிறவர்கள் எல்லாம் இதைத்தான் சொல்கிறார்கள். முடிந்த பாட்டு என்பது எல்லா ட்ராக்கையும் ஒன்றாகக் கலந்து மெஷினில் மிக்ஸ்டவுன் செய்த ஸ்டீரியோ மாஸ்டர். கேட்பதற்கும் வெளியிடுவதற்கும் அது வேண்டும். பின்னாளில் திருத்துவதற்குத் தனி ட்ராக்குகள் வேண்டும். இரண்டையும் எடுங்கள்.

44.1-ஐ 48 ஆக எண்ணிக்கொள்வது

ரெக்கார்டர் 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, பதிந்திருக்கும். வீடியோவுக்காகக் கம்ப்யூட்டரில் 48-ல் ப்ராஜெக்ட் திறந்திருப்பார்கள். நல்ல மென்பொருள் தானே மாற்றிக்கொள்ளும். மாற்றாவிட்டால் நான்கு நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் நாற்பது நொடியில் முடிந்துவிடும். சுருதி முக்கால் கட்டை ஏறும். பாட்டியின் குரல் பேத்தியின் குரலாகிவிடும். சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பார்க்க, மெஷின் காட்டும் நேரத்தையும் கம்ப்யூட்டர் காட்டும் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நடுவில் எம்பி3

வேலை முடியும்வரை எம்பி3 ஆக மாற்ற வேண்டாம். கடைசியில் அனுப்பும்போது மட்டும்.

சார்ஜர் ஒயரை டேட்டா ஒயர் என்று நம்புவது

சில சார்ஜர் ஒயர்களில் கரன்ட் மட்டும்தான் போகும், ஃபைல் போகாது. கார்டு ரீடர் வாங்குங்கள்.

பழைய நான்கு ட்ராக் கேசட்

சர்ச் அலமாரிகளிலிருந்து இவை இன்னும் வருகின்றன. டாஸ்கேம் 1979-ல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ 144, சாதாரண கேசட்டையே இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, நான்கு ட்ராக்கையும் ஒரே திசையில் பதிந்தது. அதை வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டால் பாட்டு பாதி வேகத்தில் இழுக்கும், இரண்டு ட்ராக்தான் கேட்கும். கேசட்டைத் திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் தலைகீழாக ஓடும். கேசட் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். எறியாதீர்கள். அதே வகை மெஷின் கிடைத்தால் நான்கு ட்ராக்கையும் தனித்தனியாக எடுக்கலாம்.

கார்டை அவசரப்பட்டு அழிப்பது

நான்கு நிமிட ஸ்டீரியோ மாஸ்டர், 16 பிட்டில், ஏறக்குறைய 42 எம்பி. பன்னிரண்டு தனி ட்ராக்கும் 24 பிட்டில் சேர்ந்தால் 400 எம்பிக்குள் அடங்கும். இதற்கு இடம் இல்லை என்று ஒரு பாட்டை அழிக்க நியாயமே இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு காப்பி, வேறொருவர் வீட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி. இங்கே ஐப்பசி கார்த்திகை மழையில் வீட்டுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும், இடி விழுந்து பொருள் போகும் என்பதால்தான் வேறு வீடு என்கிறேன்.

அப்புறம், காப்பி செய்த ஃபைலை ஹெட்ஃபோனில் முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். இடது காதை மூடிக்கொண்டு கொஞ்சம், வலது காதை மூடிக்கொண்டு கொஞ்சம். கடைசிச் சுரம் முழுசாக அடங்குகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு கார்டை ஃபார்மட் செய்யலாம், கம்ப்யூட்டரில் அல்ல, ரெக்கார்டரிலேயே.